பாறையில் போட்ட மஞ்சள் எண்

ஜூலை 9, புதன்

சாமல்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொல்லையில், ஆழத்தில் மாக்மா உறைந்து உண்டான பாறை இருக்கிறது. என் ஆய்வுக்கு மாதிரி எடுக்கும் இடத்தில் மஞ்சள் பெயிண்டால் எண் போட்டேன். நிலத்துக்காரர் மண்வெட்டியோடு ஓடிவந்தார்.

"பேக்டரிக்கு நெலம் எடுத்தவங்களும் மொதல்ல இப்படித்தான் நெம்பர் போட்டாங்க."

"இல்லீங்கண்ணா, இந்தக் கல்லு ஒரு காலத்துல கொழம்பா இருந்துச்சு. இதப் படிச்சா எரிமலையப் பத்தித் தெரியும்."

"எரிமலையாம்! இங்க போர்ல தண்ணியே வரல" என்றார் அவர் மனைவி.

நிலத்துக்காரர் சிரிக்கவில்லை. "நீ படிச்சு முடிச்சப்புறம் யாரும்மா வருவாங்க?"

போட்ட எண்ணைக் கல்லால் சுரண்டி அழித்தேன். பிறகுதான் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

எண் போட்ட இடத்தின் குறி என் போன் வரைபடத்தில் இன்னும் இருக்கிறது. காலையில் என் பேராசிரியருக்கு அனுப்ப வேண்டும். எண் அழிந்துவிட்டதென்று அந்தக் கொல்லைக்காரர் இந்நேரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.