ஆறு மடங்கு

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? பைபாஸ் முடிந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. கடிதம் எழுத மட்டும் உனக்கு இன்னும் தெம்பு வரவில்லை போலிருக்கிறது.

அண்ணி அனுப்பிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கிடைத்தது. எங்கள் லேபில் தினம் நூறு பார்க்கிறேன். உன்னுடையதை மட்டும் மூன்று முறை பார்த்தேன். வெள்ளை அணுக்களில் இரண்டு வகையை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆபரேஷன் புண் ஆறியபோது ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு இருந்தது. இப்போது ஆறு மடங்கு. இது ஏறினால் உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று அர்த்தம். சளி, காய்ச்சல் இருந்தாலும் ஏறும். உனக்கு அதெல்லாம் இல்லை என்கிறாள் அண்ணி. காலிலிருந்து எடுத்து இதயத்தில் தைத்த ரத்தக்குழாய்களில் ஏதாவது கோளாறோ என்று பயமாக இருக்கிறது. இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடேன்.

உன் தங்கை

மார்ச் 15

வாண்டுக்கு,

நேற்று நான்கு மாடி ஏறிப்போய் லிஃப்ட் மோட்டாரைக் கழற்றி மாட்டினேன். மூச்சுகூட வாங்கவில்லை. ஊசி குத்துகிறவர்கள் எல்லாம் டாக்டர் ஆகிவிட்டால் டாக்டர்கள் எங்கே போவது? உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து உன் அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. இதோடு விடு.

அண்ணன்

மார்ச் 22

அண்ணா,

கோபப்படு, ஆனால் முழுக்கப் படி. டிசம்பரில் அண்ணி அனுப்பிய ரிப்போர்ட்டிலேயே நான்கு மடங்கு இருந்தது. பார்த்தேன், சொல்லவில்லை. அப்பாவுக்குப் புற்றுநோய் என்று முதலில் சொன்னவள் நான் என்பதற்காக இரண்டு வருஷம் நீ என்னோடு பேசவில்லை. மறுபடியும் அப்படி ஆகிவிடுமோ என்று பயந்து அண்ணியிடம் போனில், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். இனி நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை. போய்க் காட்டு.

தங்கை

ஏப்ரல் 9

வாண்டு,

போனேன். உனக்காக இல்லை, உன் அண்ணியின் அழுகையை நிறுத்த. தைத்த மூன்று குழாய்களில் ஒன்று முழுக்க அடைத்துவிட்டது. இனி அதைத் திறக்க வழியில்லையாம். இன்னொன்று பாதி அடைப்பு, ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது நன்றாக இருக்கிறது. வேலையில் சில நாள் நெஞ்சு இறுக்கிப் பிடித்தது உண்டு. அதை நானும் யாரிடமும் சொல்லவில்லை.

"டிசம்பர்லயே வந்திருந்தா அந்தக் குழாய் தப்பிச்சிருக்குமா?" என்று கேட்டேன். டாக்டர், "அதை யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுத எனக்கு வரவில்லை. லீவு போட்டுவிட்டு வா. முதல் இரண்டு நாள் நான் முகம் கொடுத்துப் பேசாவிட்டால், கிளம்பிப் போய்விடாதே.

அண்ணன்