வாணம் பார்க்கப் போனது

பங்குனி 2

விசா கிடைத்துவிட்டது. பாடசாலையிலிருந்து வந்ததும் வராததுமாக அண்ணையிடம் கடவுச்சீட்டைக் காட்டினேன். சித்திரை விடுமுறையில் சென்னைக்குப் போய், பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று, ஸ்ரீஹரிகோட்டாவில் ரொக்கெட் ஏவுவதைப் பார்க்கப் போகிறேன் என்று எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! அண்ணை அதை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார்.

"உனக்கென்ன விசரே? வாணம் பாக்க இந்தியாவுக்கோ? வல்லிபுரக் கோயிலிலை விடுற வாணம் காணாதோ?"

மச்சாள் சிரித்தார். நாற்பத்தொன்பது வயது விஞ்ஞான ஆசிரியை நான். அண்ணை குடும்பமும் நானும் இருக்கும் இந்த வளவில் எனக்கு இன்னும் பத்து வயதுதான்.

பங்குனி 3

ஏன் போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவே மாட்டார்கள். இங்கே எழுதி வைக்கிறேன்.

சண்டை நடந்து ஊரில் குண்டு விழுந்த எண்பத்தேழில் எனக்குப் பதினொரு வயது. வானத்தில் வெளிச்சம் கண்டால் வாழைத்தோட்டத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் பாய்வோம். அதற்குப் பிறகும் எத்தனை வருடம் அதே வேலை! ஆகாயத்தில் நெருப்பு என்றால் குனிந்தே பழகிய உடம்பு இது. ஒருமுறை, ஒரேயொரு முறை, ஒருவர் தலையிலும் விழாத ஒரு நெருப்பு மேலே போவதை, அது கண்ணுக்கு மறையும் வரை நிமிர்ந்து நின்று பார்க்க வேண்டும். இது விசரா?

பங்குனி 11

என் பயணம் பறிபோய்விட்டது.

அண்ணையின் மகள் கஜானிக்கு ஆனியில் கல்யாணம். "கலா எப்பிடியும் போறாதானே, நாங்களும் போனால் கலியாணச் சேலையளும் எடுக்கலாம், திருப்பதியும் கும்பிடலாம்" என்று மச்சாள் தொடங்கினார். மாலைக்குள் நாலு பேருக்கும் பயணச்சீட்டு! எங்கள் ஊரில் இந்தியாவுக்குப் போவதென்றால் சேலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் சாமிக்குப் போக வேண்டும். வேறொன்றுக்குப் போனால் மண்டை பிழை.

என்னோடு வருவதானால் ஏரிக்கரைக்கும் வர வேண்டும் என்றேன். அண்ணை சொன்னார்: "உன்னோடை நாங்கள் வரேல்லை. எங்களோடை நீ வாறாய்."

பங்குனி 12

அண்ணையோடு கதைக்கவில்லை. இடியப்பம் எனக்கு மட்டும் அவித்தேன்.

சித்திரை 18, சென்னை

ரொக்கெட்டை நாளை மறுநாளுக்குப் பின்போட்டுவிட்டார்கள். காலநிலை. அது நடப்பதுதான், அதற்கென்று கையில் நாட்களும் வைத்திருந்தேன். ஆனால் சேலை எடுக்கச் சாத்திரியார் குறித்துக் கொடுத்த நல்ல நாளும் அதே நாள்.

"நல்ல நாளை விட்டிட்டு உன்ரை வாணத்துக்குப் பின்னாலை திரியேலுமோ?" என்றார் அண்ணை.

"உங்களை ஆர் வரச்சொன்னது?"

"பிள்ளையின்ரை கலியாணத்திலும் உனக்கு உது பெரிசாப் போச்சு, என்ன?"

விலை பார்க்கப் போன கடைக்குள், இத்தனை பேருக்கு முன்னால்! விற்பனைப் பெண் விரித்த சேலையைப் பிடித்தபடியே நின்றாள். அறைக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். கஜானிதான் கதவைத் தட்டினாள். "மாமி, நீங்கள் போங்கோ. நீங்கள் வந்தாலும் சேலை அம்மாதான் தெரிஞ்செடுப்பா."

போவேன். தனியாகவே போவேன். செய்யிறதைச் செய்யட்டும்!

சித்திரை 20



காலையில் கார் பிடித்தேன். கதவைச் சாத்தும் நேரம் அண்ணை ஓடி வந்து முன்னால் ஏறினார். "தனிய விடேலாது." வழி முழுக்கக் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். சேர்ட்டெல்லாம் வியர்வை. சேலையை விட்டுவிட்டு வந்த கோபம் என்று நினைத்தேன்.

ஏரிக்கரை முழுக்கச் சனம். தோளில் பிள்ளைகளோடு தகப்பன்மார், சோளம் விற்பவர்கள். அண்ணை என் பக்கத்தில் வந்து நின்றார். தூரத்தில் மரங்களுக்கு மேலாக ஒரு வெளிச்சம் எழும்பியது. சத்தமே இல்லை. அண்ணைகூட "அட" என்றார். நான் நிமிர்ந்து நின்றேன். அது மேலே, மேலே, வளைந்து...

பிறகு சத்தம் வந்தது. நெஞ்சில் இடிக்கிற சத்தம்.

என் பிடரியில் ஒரு கை. அடுத்த கணம் முகம் சேற்றுக்குள். அண்ணை முழுப் பாரத்தோடும் எனக்கு மேலே கிடந்தார். "எழும்பாதை! எழும்பாதை பிள்ளை!"

தள்ளிவிட்டு எழும்பினால் வானத்தில் புகைதான் மிச்சம். கைதட்டிக்கொண்டிருந்த சனம் எங்களைப் பார்த்தது. ஒருவன் ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்தான்.

கத்தினேன். நடு வெளியில் நின்று கத்தினேன். "இதையும் கெடுத்துப்போட்டியள்! ஒண்டே ஒண்டு கேட்டனான், அதையும் கெடுத்துப்போட்டியள்!"

அண்ணை சேற்றில் இருந்தபடியே மூக்குக்கண்ணாடியைத் தேடினார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

மன்னிக்க மாட்டேன்.

சித்திரை 22

திரும்பி வருகிறோம். விமானத்தில் அண்ணைக்குப் பக்கத்து இருக்கைதான் எனக்கு வாய்த்தது. பலாலி ஓடுபாதை தெரியும்போது வாயைத் திறந்தார்.

"கலா, அது எங்கை விழுந்தது?"

"விழேல்லை" என்றேன்.

கீழ்ப்பாகங்கள் கடலில் விழும். அதைச் சொல்லவில்லை.

சித்திரை 25

மச்சாள் கிணற்றடியில் சொன்னார். விசா வந்த நாளிலிருந்து அண்ணைக்குச் சரியான நித்திரை இல்லையாம். "அந்தச் சத்தத்தை நினைச்சுத்தான் உம்மை மறிக்கப் பாத்தவர். நல்ல நாளெல்லாம் சும்மா சொன்ன சாட்டு. வல்லிபுரக் கோயில் வாணத்துக்கே அவர் போறேல்லை, தெரியாதே உமக்கு?"

தெரியாது. ஒரே வளவு, தெரியாது! எனக்கு விசர் என்று சொல்லத் தெரிந்த வாய்க்குப் பயமாயிருக்கு என்று சொல்லத் தெரியாதா? சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேனே, வெளிச்சம் முதலில், சத்தம் பிறகு என்று. வருடா வருடம் ஊரார் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கீறிக் காட்டுகிறேன். அண்ணைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கேட்டாரா? கேட்டால்தானே சொல்வது! நான் ஏன் போகிறேன் என்று நானும் அவருக்குச் சொல்லவில்லைத்தான். அவரும் கேட்கவில்லைத்தான்.

கோபம் ஆறவில்லை. ஆனால் ஒன்று விளங்கவில்லை. அவ்வளவு பயம் என்றால் ஏன் காரில் ஏறினார்?

வாழைத்தோட்டத்துக் கானுக்குள்ளும் எனக்கு மேலே கிடந்தது அண்ணைதான். அப்போது அவருக்குப் பதினெட்டு.

ஆனி 29

கல்யாணம் முடிந்து வீடு வெறுமையாகக் கிடக்கிறது. பின்னேரம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அண்ணை வந்து கதவு நிலையில் சாய்ந்தார்.

"ஆவணியிலை இன்னொண்டு விடப்போறாங்களாம். செய்தியிலை சொன்னவங்கள்."

"ஓம், தெரியும்."

"சேலைக்காரர் ஒருத்தரும் வேண்டாம். நீயும் நானும்."

சேர்ட் பையிலிருந்து சின்னப் பஞ்சுச் சுருள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். காதுக்காம். எனக்குமாம். எனக்கு வேண்டாம், எனக்குச் சத்தமும் கேட்க வேண்டும் என்றேன், கொஞ்சம் சூடாகவே. அவர் போகவில்லை. பஞ்சை உருட்டிக்கொண்டே நின்றார்.

"சத்தம் எப்ப வரும் எண்டு மட்டும் முதலே சொல்லிப்போடு. நான் நிண்டு பாக்கிறன்."