ஒன்றரை சீசன் ஆட்டக்காரனுக்கு

உன் மகள் நேற்று ஒரு கால்பந்து கிளப்பில் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டாள். பேரம் பேசியது நான்தான்.

நேற்றுக் காலையில் அவள் என் கடைக்குள் வந்தபோது, சுக்கு மூட்டைகளின் நெடியையும் மீறி அடிபட்ட காலுக்குத் தேய்க்கும் முறிவெண்ணெய் வாசம் அடித்தது. நிமிர்ந்து பார்க்காமலே நீதான் என்று நினைத்துவிட்டேன். நீ மண்ணுக்குள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது.

"மாமு, இன்னைக்குக் கையெழுத்து போடணும். அத்தாவுக்குப் பேசின மாதிரி எனக்கும் வந்து பேசணும்" என்றாள்.

நம் மட்டாஞ்சேரித் தெருவில் பந்து ஆடக் காசு வாங்கிய முதல் ஆள் நீ. அதற்கு என்ன ஏச்சு! "பந்து தட்டக் கூலியாடா? நாளைக்கு நோன்புக் கஞ்சி குடிக்கவும் கூலி கேப்பியா?" என்றார் சாயாக்கடைக்காரர். "உங்க வீட்டுக் கஞ்சின்னா கண்டிப்பாக் கேப்பேன் இக்கா" என்றாய்.

பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸில் அந்தக் காலத்தில் ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே காசு. அடிபட்டுப் படுத்தவனுக்கு ஒன்றும் கிடையாது. மலப்புறத்து டீம் மேனேஜர் உன்னைத் தேடி வந்தபோது நீ ஜெர்சி என்ன நிறம் என்று விசாரித்துக்கொண்டிருந்தாய். நான் அப்போதே தரகு பார்க்கிறவன். சரக்கு வழியில் நனைந்தால் யார் பொறுப்பு என்று கேட்காமல் ஒரு மூட்டை ஏற்றியதில்லை. அதையே கேட்டேன். "கால் ஒடிஞ்சா?"

"அது வழக்கமில்லையே சேட்டா" என்றார் மேனேஜர். நீ என் தொடையைக் கிள்ளினாய். கடைசியில் உன் கூலியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, வைத்தியச் செலவும் ஊர் வரை கொண்டுவந்து விட வண்டியும் அவர்கள் பொறுப்பு என்று பேசி முடித்தேன். "கல்யாணத்துக்கு முன்னாலேயே என் மய்யித்தை அடக்க விலை பேசுறியேடா" என்று ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை நீ.

ஒன்றரை சீசன். கமுகுமரத்தில் கட்டிய கேலரி முழுக்க "கொச்சிக்காரா!" என்று கத்த நீ ஓடியதைப் பார்த்தவன் நான். பிறகு ஒரு மழைநாளில் முட்டி திரும்பியது. சொன்னபடி வைத்தியம் பார்த்தார்கள், வண்டியும் வைத்தார்கள். ஆனால் அவர்கள் கணக்கில் ஊர் என்றால் எர்ணாகுளம் படகுத்துறை. அங்கிருந்து உன்னைத் தோளில் தாங்கிப் படகேற்றி, இறங்கி, பஜார் முழுக்க நடத்திக் கொண்டுவந்தேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாய்: "அடுத்த தடவை வீட்டு வாசல் வரைன்னு பேசுடா."

அடுத்த தடவை உனக்கு வரவில்லை. குட்டி லாரி வாங்கி, வெலிங்டன் தீவுத் துறைமுகத்துக்கு என் மூட்டைகளை ஏற்றி, வாடகைக்கு என்னோடு மல்லுக்கட்டியே காலத்தை ஓட்டினாய்.

நேற்று வந்த கிளப்காரர் சின்னப் பையன்தான். "இன்ஷூரன்ஸ் உண்டு அங்கிள்" என்றார். "ஆப்பரேஷன் முடிஞ்சு வீட்ல இருக்கிற மாசங்களுக்கு?" என்றேன். போனை நோண்டினார். உன்னைப்போல் தொடையைக் கிள்ளுவாளோ என்று உன் மகளைப் பார்த்தேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "மாமு கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சேட்டா" என்றாள். ஜெர்சி நிறத்தைக் கேட்கவேயில்லை.

முடிந்தது இதுதான்: இரண்டு சீசன். சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம். அடிபட்டால் சிகிச்சை அவர்கள் செலவு, ஆடாத மாதங்களுக்கும் முழுச் சம்பளம். வண்டி, மட்டாஞ்சேரியில் வீட்டு வாசல் வரை.