கிருத்திகையன்று சமைத்த காளான்

வேலம்பாளையம்,
ஐப்பசி, 1966

அன்புள்ள மயிலாத்தாளுக்கு,

நான் சுகம். உனக்கு இருமல் விட்டதா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

மழைக்குப் பிறகு இங்கே பனியன் கம்பெனி வேலியோரம் காளான் முளைத்திருந்தது. "நல்லது கெட்டது எனக்குத் தெரியுமுங்க" என்று பெருமை பேசிப் பறித்து வந்து குழம்பு வைத்தேன். அன்று கிருத்திகை. விரத நாளில் காளானையும் கவிச்சியாக நினைத்து ஒதுக்குகிற வீடு நம்முடையது என்பதால் நான் தொடவில்லை. அறையில் கூட இருக்கும் வேலுமணிதான் வழித்துச் சாப்பிட்டார். விடியற்காலையில் வாந்தியெடுத்துத் துவண்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இப்போது கஞ்சி குடிக்கிறார், பயப்படாதே.

"கிருத்திகை உங்களக் காப்பாத்திப்போடுச்சுங்க மாப்ள, என்னையத்தான் கவுத்திப்போட்டீங்க" என்று சிரிக்கிறார். யார் பறித்தது என்று டாக்டர் அதட்டியபோது, "நாந்தானுங்க" என்று அவரே சொல்லிவிட்டார். திட்டு முழுவதையும் அவர் வாங்கினார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

அவருக்கு நாக்கு கசக்கிறதாம். யாராவது இந்தப் பக்கம் வந்தால் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பு.

நம் வீட்டில் காளான் எடுத்ததெல்லாம் நீதான். எதைப் பார்த்து எடுப்பாய், எதை விடுவாய் என்று எழுது. இத்தனை வருஷம் தின்றும் ஒரு நாள்கூட உன்னைக் கேட்டதில்லை.

கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது, வேலைக்கு ஓடுகிறேன்.

உன்
திருமூர்த்தி