சட்டைப் பையில் இருந்த சீட்டு

2018 நவம்பர் 21, புதன்

கொய்யாப் பிஞ்சுகளுக்கு உறை கட்ட ஆரம்பித்தாயிற்று. யுன்ஜி இருந்ததால் மேற்கு வரிசை இன்றே முடிந்தது. என் மகள் பெய்லிங்கோடு பதினோரு வருடமாக இதே வீட்டில் குடித்தனம் நடத்துகிறவள். ஊரில் யாராவது கேட்டால் ‘வாடகைக்கு இருக்கிற பெண்’ என்று சொல்லிவிடுகிறேன். அவள் காதில் விழவே சொல்லியிருக்கிறேன். ஏணியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று தைப்பேயில் நீதிமன்றம் போன வருடமே சொல்லியாயிற்று. அது வேண்டுமா வேண்டாமா என்று சனிக்கிழமை ஓட்டு வைத்து ஊரைக் கேட்கிறார்களாம். மொத்தம் பத்துக் கேள்வி. பக்கத்துத் தோப்பு சூமெய் அக்கா எதற்கு எங்கே முத்திரை குத்துவது என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். “ரொம்ப யோசிக்காத. இதப் பாத்துக் குத்திட்டு வா.”

நவம்பர் 24

வரிசையில் இரண்டு மணி நேரம். கால் மரத்துவிட்டது. சீட்டைப் பார்த்துப் பத்தையும் குத்தினேன்.

கல்யாணக் கேள்வி வந்ததும் கை நின்றது. புரியாமல் குத்திவிட்டேன் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், இந்த நோட்டிடம் எப்படிச் சொல்வது? புரிந்துதான் குத்தினேன். ஊர் வாய்க்குப் பயம்.

நவம்பர் 25

தோற்றுவிட்டார்கள். வேண்டாம் என்றவர்கள் எழுபது லட்சத்துக்கு மேல். அதில் நான் ஒருத்தி.

பெய்லிங் அறைக் கதவைத் திறக்கவில்லை. யுன்ஜி விடிந்ததுமே எல்லார் துணியையும் துவைத்துப் போட்டு, கஞ்சி வைத்துவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குப் போனாள். இன்றைக்காவது படு என்றேன். “இன்னைக்கு விட்டா பழ ஈ குத்திடும் அத்தை” என்றாள். கண் வீங்கியிருந்தது, கை ஒரு முடிச்சுகூடத் தவறவில்லை. நானாக இருந்தால் ஊரையே வைது தீர்த்திருப்பேன். என்ன பெண் இவள்!

டிசம்பர் 3

அந்தச் சீட்டைக் காணோம். சட்டைப் பையில்தான் வைத்தேன். துவைத்ததில் கரைந்திருக்கும்.

2019 மே 17, வெள்ளி

ஊர் என்ன சொன்னாலும் தீர்ப்பு தீர்ப்புதானாம். தனிச் சட்டமாகவே போட்டுவிட்டார்கள். இரண்டு பேரும் தைப்பேயில், மழையில் நின்று செய்தியைக் கேட்டிருக்கிறார்கள். “அத்தை, ஆயிடுச்சு” என்றாள் யுன்ஜி போனில். நனையாமல் வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மே 20

பதிவுக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று நீ, என்றாள் பெய்லிங். வேறு யாரையாவது கேள் என்றேன். “இன்னமும் ஊருக்குப் பயமாம்மா?” என்று கேட்டுவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனாள்.

பயம் இல்லையடி. எந்த முகத்தோடு சாட்சி சொல்வேன்?

மே 22

தோப்பில் யுன்ஜியிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் எதிராகத்தான் குத்தினேன் என்று.

அவள் உறையைக் கட்டி முடித்தாள். “தெரியும் அத்தை. மறுநாள் சட்டையத் துவைக்கறப்ப சீட்டு கையில வந்துச்சு.”

“பெய்லிங்குக்கு?”

“நான் சொல்லல. அத நீங்கதான் சொல்லணும்.”

அப்படியானால், அதைப் பார்த்த கையோடுதான் எனக்குக் கஞ்சி வைத்திருக்கிறாள். ஆறு மாதம் மூச்சு விடவில்லை. ஏணியடியில் உட்கார்ந்து அழுதேன். அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மே 23

பெய்லிங்கிடம் சொன்னேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மே 24, வெள்ளி

காலையில் பெய்லிங் விண்ணப்பத்தையும், கையெழுத்துக்குப் பதிலாக நான் குத்துகிற பெயர் முத்திரையையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். “இத யாரையும் பாத்துக் குத்தாதம்மா” என்றாள். குத்தினேன். சிவப்பு மை நன்றாகவே பதிந்தது.

பதிவு முடிந்து வந்ததும் கல்யாணக் கேக் பெட்டிகளை நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் பெட்டி சூமெய் அக்காவுக்கு. யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள்.

“எம் பொண்ணுக்கு. வாடகைக்கு இருக்கான்னு சொல்வேன்ல, அந்தப் பொண்ணோட.”

அக்கா கையைச் சட்டையில் துடைத்தாள். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.