தகவல் மேசைக்கு வந்த இருவர்

மரியே வாழ்க

ஏற்காடு,
14.6.1987, ஞாயிறு.

அன்பு மகள் தேவகுமாரிக்கு அப்பா எழுதுவது. கண்ணு, அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர வீட்டில் வேறு குறை ஒன்றும் இல்லை, பம்பாய் மழையில் நீயும் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்க மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறோம். உன் கடிதம் கிடைத்தது. நீ அதைத் தபாலில் போடவில்லை, யார் கையில் கொடுத்து அனுப்பினாயோ அவர்களும் அதை என்னிடம் நேராகக் கொடுக்கவில்லை. எப்படி வந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன், கோபப்படாமல் கடைசி வரைக்கும் படி. அம்மா என்னோடு பேசி ஐந்து நாள் ஆகிறது, சாப்பாட்டுத் தட்டை மட்டும் சத்தமாகக் கொண்டுவந்து வைக்கிறாள்.

நான் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏரிக்கரைத் தகவல் நிலையத்தில் உட்கார்ந்ததை நீ பார்த்துவிட்டுத்தான் போனாய். அப்போது ஒரு மேசையும் சுவரில் ஒரு வரைபடமும்தான் இருந்தன. இப்போது பை வைக்கிற அறை, கழிப்பிடம், குடிதண்ணீர்த் தொட்டி, நிழலுக்குக் கொட்டகை எல்லாம் வந்துவிட்டன, பை அறையையும் கழிப்பிடத்தையும் பூவாயி பார்த்துக்கொள்கிறாள். தண்ணீர் டம்ளரைச் சங்கிலி போட்டுக் கட்டியது என் யோசனை. முதல் மாதத்தில் ஒன்பது டம்ளர் மலை இறங்கிப் போய்விட்டது, இத்தனைக்கும் வந்தவர்கள் எல்லாம் காரில் வந்தவர்கள். இந்த மே மாதம் கூட்டம் தாங்கவில்லை, ஒண்டிக்கடை முக்கிலிருந்து ஏரி வரைக்கும் வண்டி மேல் வண்டி. அத்தனை பேரையும் முதல் கேள்வியிலேயே எடை போட்டுவிடுவேன். வந்ததும் கழிப்பிடம் எங்கே என்று கேட்கிறவர்கள் யோக்கியர்கள். படகு, அருவி, காட்சிமுனை என்று கேட்கிறவர்களும் பரவாயில்லை. அமைதியான இடம் எங்கே இருக்கிறது என்று கேட்கிற இளசுகளைக் கூட்டம் நிற்கிற படகுத்துறைக்கே அனுப்பிவிடுவேன். எதையுமே கேட்காமல் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறவனை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அம்மா சொல்வாள், சொல்லட்டும்.

எனக்கு இந்தப் புத்தி காரணமில்லாமல் வரவில்லை. போன வருசம் புருசன் பெண்டாட்டி போல இரண்டு பேர் வந்து, நர்சு படித்த பிள்ளைகள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று தேனொழுக விசாரித்தார்கள். குவைத்தில் வேலை என்றார்கள். நான்தான் வழி சொல்லி அனுப்பினேன். நம் எதிர்வீட்டு ஜெயகுமாரியின் சர்ட்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான். நகல் கேட்டு எழுதிப் போட்டுவிட்டு இன்றைக்கும் அந்தப் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இப்போது போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். சீசன் முடிந்து சாரல் பிடித்த நாள், நிலையத்தில் ஈ காக்கை இல்லை. பதினோரு மணி பஸ்ஸில் வயதான இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை, கையில் குடை. அந்த அம்மாள் காஞ்சிபுரம் பட்டு. மலை பார்க்க யாராவது பட்டுக் கட்டிக்கொண்டு வருவார்களா? ஏரி எதிரிலேயே கிடக்கிறது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழிப்பிடமும் கேட்கவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை. பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, இங்கே எஸ்டேட் ரைட்டராக இருந்த அருள்சாமி என்பவரைத் தெரியுமா, குடும்பம் எப்படி, பம்பாயில் நர்சாக இருக்கிற பெண்ணின் குணம் எப்படி என்று கேட்டார். கண்ணு, எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அதே பேச்சு, அதே பவ்யம், அதே நர்சு. போன வருசம் ஊரான் பிள்ளை, இந்த வருசம் என் பிள்ளை என்று நினைத்தேன். நான்தான் அருள்சாமி என்று சொன்னால் வீட்டுக்கு வருவார்கள், அம்மா இளகின மனசு, காப்பி கொடுத்து உட்காரவைத்து உன் விலாசத்தைக் கொடுத்துவிடுவாள். அதனால், "தெரியுமுங்க. நல்ல மனுசன் இல்லீங்க, குடிச்சுப்போட்டு ரோட்டுல கெடப்பான். அந்தப் புள்ளைக்குக் கண்ணாலம் ஆயி ரெண்டு வருசம் ஆவுதுங்க" என்று சொன்னேன். அந்த அம்மாள் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ஆள் வசமாக மாட்டிக்கொண்டது என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவர்கள் எழுந்து பூவாயியிடம் போய் நின்றார்கள். பூவாயி வாய் உனக்குத் தெரியாததா? ஏனுங்க இப்படி முகம் வாடியிருக்கிறீர்கள் என்று ஆரம்பித்து, அருள்சாமி என்ற பெயரைக் கேட்டதும் மேசைப் பக்கம் கையைக் காட்டி, அவர்தான் அவர், அவர் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை, பிள்ளைக்கு இனிமேல்தான் மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் ஏன் பொய் சொன்னார் என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, அவர் யாரையும் நம்ப மாட்டார், என் அறைப் பைகளையே சாயந்திரம் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போவார் என்றிருக்கிறாள். நாங்கள் போன பிறகு கொடு என்று ஒரு கவரை அவளிடம் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். பஸ் கிளம்பிய சத்தம் கேட்டதும் அவள் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மேலே உன் கையெழுத்து.

ஜேசுதாஸ் உங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர், திருச்சிப் பொன்மலைக்காரர், அவர் அப்பா பாக்கியநாதன் ரயில்வேயில் இருந்தவர், அம்மா அப்பா இருவரும் பெண் கேட்டு நேரில் வருகிறார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அதெல்லாம் எனக்கு இரண்டாம் தரம் படித்தபோதுதான் மண்டையில் ஏறியது. முதல் தரம் ஒரு வரிதான் கண்ணில் நின்றது. முன்னமே சொன்னால் நீங்கள் சந்தேகப்பட்டு ஊர் ஊராக விசாரிக்கக் கிளம்பிவிடுவீர்கள் என்று பயந்து ஒன்றரை வருசமாக மறைத்துவிட்டேன் அப்பா என்று எழுதியிருந்தாயே, அந்த வரி. என் பிள்ளை என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறது. அதுவும் திருடர்களுக்காக நான் வைத்திருந்த முகத்தைப் பார்த்து.

நிலையத்தை அப்படியே போட்டுவிட்டு, காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலை இறங்கினேன். அடிவாரத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கியதால் பஸ் நின்றிருந்தது. ஜன்னல் ஓரம் அவர் உட்கார்ந்திருந்தார். கும்பிட்டு, நான்தான் அருள்சாமி என்று சொல்லி, ஜெயகுமாரி கதையைச் சொல்லி, என் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை, நான் சொன்னது பொய் என்றேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "பெத்த அப்பனே பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்கிறீங்க. ஒரு மணி நேரம் கழிச்சு நீங்களே ஆகலைங்கிறீங்க. நான் எதைங்க நம்பறது?" அந்த அம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் கிளம்பிவிட்டது. நம்பாத ஒருவர் முன்னால் உண்மையை வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று ஐம்பத்தொன்பது வயதில் தெரிந்துகொண்டேன் கண்ணு.

இதையும் எழுதிவிடுகிறேன். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் அவர்கள் முதலில் வெளி ஆளிடம் விசாரிக்க வேண்டும்? அவர்களுக்கும் சந்தேகம்தானே? நீ கவரில் வைத்த போட்டோவில் பையன் ஏன் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கிறான்? இப்படி என் மனசு அடங்காமல் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது. பெண் எடுக்கிற இடத்தை நாலு பேரிடம் கேட்பது உலக வழக்கம், நாமாக இருந்தால் நாற்பது பேரிடம் கேட்டிருப்போம் என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார்கள். ஓலை வாசிக்கும் முன்னமே போய்த் தடை சொன்ன அப்பன் நான் ஒருவன்தான் என்றும் அந்தச் சுவரிடமே சொன்னாள்.

அதைக் கேட்டுத்தான் இன்றைக்குப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போனேன். என் பிள்ளைக்குக் கல்யாணத் தடை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள், திருச்சிக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்றேன். அவர் சொன்னது நியாயம்தான். ஞானஸ்நானப் பதிவில் கல்யாணம் ஆனதாக ஒன்றும் எழுதப்படவில்லை, ஆனால் பிள்ளை மூன்று வருசமாகப் பம்பாயில் இருக்கிறது, நீ வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியக் கையெழுத்துப் போட வேண்டும், உனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். சந்தேகம் இருந்தால் பிள்ளைக்கு எழுதிக் கேட்டுவிட்டு வா, ஒரு வாரம் பொறுக்கலாம் என்றார். உடனே போட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி இல்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றரை வருசம் ஒன்றை மறைத்த பிள்ளை இன்னொன்றை மறைத்திருக்காதா என்று என் பாழும் புத்தி கேட்டது. பிறகு, "கேக்க வேண்டாமுங்க சாமி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை திருச்சி போகிறேன். அவர்கள் உட்காரச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் சாமியார் எழுதிக் கொடுத்த தாளைக் கொடுத்துவிட்டு வருவேன். நடந்ததை நீயே ஜேசுதாஸிடம் மறைக்காமல் சொல்லிவிடு. சாரலில் நனையாதே, ராத்திரி டூட்டி முடிந்தால் தனியாக வராதே, வேளைக்குச் சாப்பிடு. அம்மாவும் நானும் உன் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறோம், மாதா உனக்குத் துணை இருப்பாள்.

ஒன்றை மறந்துவிடாதே. பதில் எழுதும்போது, எனக்குக் கல்யாணம் ஆகவில்லை அப்பா என்று எழுதிவிடாதே. நான் உன்னைக் கேட்கவில்லை.

உன் அப்பா,
ம. அருள்சாமி.