அந்த மூன்று நிமிஷத்தை வெட்டாதே

சேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு, முதல் பூசை முடிந்து.

என் அன்பு மகள் கொன்சிக்கு,

வெள்ளவத்தை தொடக்கம் கொட்டாஞ்சேனை வரை உள்ள சகல நாடக மேடைகளுக்கும் உன்னால் நியமிக்கப்பட்ட மாட்சிமை தங்கிய பார்வையாளர், உன் தாய்மாமன் சவுந்தரநாயகம் எழுதிக்கொள்வது. இங்கே நான் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லா உறுப்புகளிலும் சுகம். உன் அம்மா சுகமா என்று கேட்டால், அதற்கு இந்தக் கடிதம் முழுவதும் தேவைப்படும். நீயும் மெல்பேர்ன் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். வொயிஸ் மெசேஜ் வேண்டாம் மாமா, போன முறை அனுப்பிய நாற்பது நிமிஷத்தில் முப்பத்தைந்து நிமிஷம் பஸ் ஹோர்ன்தான் கேட்டது, எழுதி அனுப்புங்கள் என்று நீ சொன்னபடியால் கையால் எழுதுகிறேன். நாடக விழாவில் வேலை செய்கிற ஷிம்னா என்ற கெட்டிக்காரப் பிள்ளை பத்து மணிக்கு வந்து பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அதற்கு முன்னம் எழுதி முடிக்க வேண்டும். ஆனால் இருந்து எழுத முடியவில்லை, மகள். மூன்று வரிக்கு ஒரு தரம் எழும்பிப் போய், யன்னலால் எதிரே உன் அம்மாவின் வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டு வருகிறேன். எழுத்து நண்டு நடந்தது மாதிரி இருந்தால் மன்னித்துக்கொள்.

முதலில் அரச கருமம். உன் நாடகத்தை இயக்குகிற பிரதீஸ் வெள்ளிக்கிழமை வெள்ளவத்தைக் காட்சி முடிந்த கையோடு உனக்கு என்ன எழுதினான் என்று எனக்குக் காட்டினான். கடைசியில் வருகிற அந்த மூன்று நிமிஷ மௌனத்தைச் சனம் தாங்காது, இன்று பின்னேரம் கொள்ளுப்பிட்டியில் நடக்கிற கடைசிக் காட்சிக்கு அதை வெட்டிவிட்டு ஒரு பாட்டுப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறான். நீயும், சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் சனம் எப்படி எடுக்கிறது என்று மாமா பார்க்கட்டும், மாமா சொல்கிறபடி செய் என்று பதில் போட்டிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் உன் ரிப்போட்டுகளில் உன் தகப்பனுக்குப் பதிலாகக் கையெழுத்து வைத்ததற்குப் பிறகு இவ்வளவு பெரிய அதிகாரம் எனக்குக் கிடைத்ததில்லை. பன்னிரண்டு மணிக்கு முன்னம் பிரதீசுக்கு முடிவு சொல்ல வேண்டும். அவன் காலையிலிருந்து நாலு தரம் போன் எடுத்துவிட்டான். நான் குளிக்கிறேன் என்று நாலு தரமும் நானே சொன்னேன்.

வெள்ளவத்தையில் நடந்ததை அவன் உனக்குச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டான், அவன் பாதி நேரம் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றவன். காலி வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேலே மாடி, நாற்பது கதிரை, அதில் எழுபது பேர், மிச்சம் ஏழாயிரம் பேர் படியில். (சரி, ஏழு பேர்.) மேடை என்று ஒன்று இல்லை, முன்வரிசை காலை நீட்டினால் நாடகத்துக்குள் வந்துவிடும். கடைசிக் கட்டம் வந்தது. நீ எழுதியபடி வெளிநாடு போகிற மகள் வாசலில் நிற்கிறாள், தாய் ஒரு சொல்லாவது சொல்வாளா என்று பார்க்கிறாள், தாய் வாயே திறக்காமல் சூட்கேஸ் அடுக்குகிறாள். தாயாக நடிக்கிற பாக்கியலெட்சுமி பகலில் நுகேகொடையில் மருந்துக்கடையில் நிற்கிற பிள்ளை. மேடையில் ஏறினால் ஐம்பது வயது கூடிவிடுகிறது, அப்படி ஒரு நடிப்பு. அரை நிமிஷம் சனம் பொறுத்தது. பிறகு இரண்டாம் வரிசையில் ஒரு அன்ரி பக்கத்து அன்ரியிடம், உடுப்புக்கு மேலை மிளகாய்த்தூளை வைக்கிறா பாரும், என்றா. மற்ற அன்ரி உரத்தே பாக்கியலெட்சுமியைப் பார்த்துச் சொன்னா, பிள்ளை, தூளை மூண்டு பையிலை சுத்து, போன முறை என்ரை மகளின்ரை வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பாப் போச்சு. அதோடு அணை உடைந்தது. ஊறுகாய்ப் போத்தலை உள்ளாடைக்குள் சுற்றச் சொன்னார்கள். கருவாட்டை மேலே வைத்தால் எயார்போட்டில் பிடிப்பான் என்றார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் சிவபாதசுந்தரம் எழுந்து நின்று, எந்த பிளைட் தங்கச்சி, சிலதிலை இருபத்தைஞ்சு கிலோதான் விடுவான், இது முப்பத்திரண்டு வரும், என்று கண்ணாலேயே எடை போட்டார். கடைசியில் சூட்கேசின் சிப் இறுகிவிட்டது. நீ எழுதிய இறுக்கம்தான் அது, தாய் மெல்ல இழுக்க வேண்டும். அதற்கிடையில் ஒரு அம்மா நேரே நடந்து போய்ச் சூட்கேசுக்கு மேல் முழங்காலை ஊன்றி, இப்ப இழு மோனை, என்றா. பாக்கியலெட்சுமி இழுத்தாள். இழுக்காமல் என்ன செய்வது?

வெள்ளவத்தையில் சூட்கேஸ் அடுக்காத வீடு ஒன்று இருந்தால் எனக்குக் காட்டு, அந்த வீட்டுக்கு நான் மாலை போடுகிறேன். அந்தச் சனத்துக்கு முன்னால் சூட்கேசைத் திறந்தால் அது நாடகமாக எப்படித் தெரியும்? முடிந்த பிறகு கருத்து எழுதுகிற துண்டுகள் கொடுத்தார்கள், நான் விசேஷ அதிகாரத்தைப் பயன்படுத்தி எல்லாவற்றையும் வாசித்தேன். பெரும்பாலானவை தூள் பற்றியவை. ஒருவர், நல்ல நாடகம், ஏசி போதாது, என்று எழுதியிருந்தார். இன்னொருவர், மூன்று நிமிஷம் வீண், ஒரு பாட்டுக்கு இடம் இருந்தது, என்று எழுதியிருந்தார். பிரதீஸ் பிடித்துக்கொண்டு நிற்பது இந்தத் துண்டைத்தான். ஒரு துண்டில் மாத்திரம் ஒன்றும் எழுதாமல் ஈரமாக இருந்தது. தேத்தண்ணியாகவும் இருக்கலாம், நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

இனி நேற்றைக்கு வருகிறேன். அம்மாவுக்கு இந்த நாடகத்தைப் பற்றி மூச்சுக்காட்ட வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா, நான் மூச்சுக்காட்டவில்லை. எங்கேயடா வெளிக்கிடுகிறாய் என்று அக்கா கேட்டபோதெல்லாம், மாநகரசபை போடுகிற டெங்கு ஒழிப்பு நாடகம், நுளம்பு வேஷத்தில் ஆட்கள் வருவார்கள், உனக்குச் சரிவராது என்று சொல்லி வைத்திருந்தேன். எவ்வளவு அழகான பொய். ஆனால் கோயில் பங்கு மண்டபத்து அறிவித்தல் பலகையில் எங்கள் பங்குச் சுவாமியார், நமது பங்கின் மகள் கொன்சி எழுதிய நாடகம், அனைவரும் வருக, என்று உன் படத்தோடு ஒட்டிவிட்டார். தினமும் பூசைக்குப் போகிற உன் அம்மா, என் புளோறன்ஸ் அக்காவின் கண்ணுக்கு அந்தப் பலகையில் ஒரு எறும்பு ஊர்ந்தாலும் தப்பாது. இதை நான் யோசிக்கவில்லை, என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் விட்ட இரண்டாவது விஷயம் இது.

மண்டபம் நிறைந்த சனம், பின்னேரம் நாலு மணி, வேர்வையில் மீன் அவிக்கலாம். எங்கள் சனத்தை உனக்குத் தெரியும். வருஷா வருஷம் தவக்காலத்தில் அந்த மண்டபத்தில் பாஸ்கு நாடகம் போட்டுப் போட்டு, அங்கே இருக்கிற ஒவ்வொரு ஆளும் ஒருகாலத்தில் யூதாசாகவோ ஆணியடிக்கிற சேவகனாகவோ நின்றவன். நடிக்கிறவன் வசனத்தை மறந்தால் எடுத்துக் கொடுப்பது அங்கே தர்மம். நான் பிலாத்துவாக நின்று நாக்கு ஒட்டிக்கொண்டபோது, கையைக் கழுவடா சவுந்தரம், என்று முன்னூறு பேர் சேர்ந்து சொல்லி என்னைக் காப்பாற்றியது உனக்கும் ஞாபகம் இருக்கும், நீ அப்போது இறக்கை கட்டிய சம்மனசு. ஆகவே பாக்கியலெட்சுமி பேசாமல் சூட்கேஸ் அடுக்கத் தொடங்கினதும் எங்கள் சனம் என்ன நினைத்தது? ஐயோ பாவம், பிள்ளை வசனத்தை மறந்துவிட்டது. முதலில் மெதுவாகத்தான், கவனமாப் போய்ட்டு வா மகள் எண்டு சொல்லும்மா, என்று முன்வரிசை எடுத்துக் கொடுத்தது. அவள் வாய் திறக்கவில்லை. போகாத எண்டு சொல்லு, என்று இடப்பக்கம். போய் இறங்கினதும் போன் எடு எண்டு சொல்லு, என்று வலப்பக்கம். இன்னும் சத்தமாச் சொல்லுங்க, பிள்ளைக்குக் காது கேக்கல்ல, என்று பின்னால் ஒருவன். ஒரு தாய் மகளுக்குச் சொல்லக்கூடிய வசனம் உலகத்தில் எத்தனை இருக்கிறதோ அத்தனையும் அந்த மண்டபத்தில் பறந்தது. பாக்கியலெட்சுமி மடித்த சட்டையையே திரும்பவும் மடித்தாள். நான்கூட எழுந்து ஒன்று எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசித்தேன், பழக்கதோஷம்.

அப்போதுதான் பின்னால் கதவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கதிரை கிடைக்காமல் தூணில் சாய்ந்து நின்றிருக்கிறா உன் அம்மா. சந்தைக்குப் போகிற பையோடு, வீட்டுச் செருப்போடு. அவ கத்தவில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு மின்விசிறிகளே நின்றுபோயின. என்ன சொன்னா தெரியுமா? அவ ஒண்டும் மறக்கல்ல, வாயத் திறந்தா அழுகை வந்திரும், அதான் பேசாம அடுக்குறா, எல்லாரும் கொஞ்சம் வாய மூடிக்கொண்டு இருங்க.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் இருந்த மௌனத்தை, மகள், நான் கூட்டிச் சொல்ல நினைத்து மூன்று தரம் எழுதி வெட்டிவிட்டேன். துறைமுகத்தில் கப்பல்கள் ஊதுவதை நிறுத்தின என்று எழுதினேன், நிறுத்தவில்லை, ஒன்று ஊதியது, அதுவும் நன்றாகக் கேட்டது. பாக்கியலெட்சுமி சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்தாள். மூன்று நிமிஷம் ஐந்து நிமிஷமாகிவிட்டது. விளக்கு அணைந்தபோது ஒருவரும் கை தட்டவில்லை. ஆரம்பிப்பது யார் என்று தெரியாமல் எல்லாரும் திரும்பித் தூணைப் பார்த்தார்கள். அங்கே ஆள் இல்லை.

நான் முழங்காலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், கேற்றடியில் பிடித்தேன். என்னைத் திரும்பியும் பார்க்காமல் சொன்னா, டெங்கு நாடகம் நல்லா இருந்திச்சுடா, ஒரு நுளம்பையும் காணல்ல. சந்திவரைக்கும் பையை என்னிடம் தராமலே நடந்தா. பிறகு திடீரென்று, அந்தப் பொம்பிள சப்பாத்த மேல வச்சிட்டா, நான் அடியிலதான் வச்சன், எழுதினவளுக்கு அது ஞாபகம் இல்ல போல, என்றா. கதவைச் சாத்தினா. இன்று முதல் பூசைக்கு வரவில்லை. காய்ச்சலிலும் வருகிற மனுசி. கோயிலில் அவ இருக்கிற அந்த மூன்றாம் வாங்கு வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. யன்னலுக்கும் மேசைக்கும் நடந்த தூரத்தைச் சேர்த்தால் இந்நேரம் நீர்கொழும்புக்குப் போயிருப்பேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஆறு வருஷமாகச் சொல்லாதே என்று எனக்குக் கட்டளை. நான் யோசிக்காமல் விட்ட முதலாவது விஷயம் இதுதான், இதைச் சொல்லியிருந்தால் நீ இந்த நாடகத்தை இப்படி எழுதியிருக்க மாட்டாய். நீ எழுதியது பொய் இல்லை. ஆனால் நீ வாசலில் நின்று பார்த்த தாயை எழுதியிருக்கிறாய். கட்டுநாயக்கா எயார்போட்டில் உன்னை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பும்போது வான் வண்டியில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தவன் நான். பேலியகொடை வரும்வரைக்கும் அக்கா ஒரு சொல் பேசவில்லை. மீன் சந்தைக்குக் கிட்ட வந்ததும் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, சீ என்ன நாத்தம், கண் எரியுது, என்றா. பாலம் தாண்டியும் எடுக்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதும் கண் எரிந்துகொண்டுதான் இருந்தது. பிறந்த நாள் தொடக்கம் மீன் வாங்கி, மீன் வெட்டி, மீன் சாப்பிடுகிற மனுசிக்கு மீன் நாற்றத்தில் கண் எரிந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மூடன் மாதிரி சிரித்தேன். கொன்சியிடம் சொன்னால் உன் காலை முறிப்பேன் என்றா. காலைக் காப்பாற்றிக்கொண்டேன், மற்றதைக் கெடுத்துவிட்டேன். கிறிஸ்மசுக்குக் கிறிஸ்மஸ் நீ எனக்குப் போன் எடுத்து, அம்மாவுக்குச் சொல்லுங்கள் என்பதும், நான் தெருவைக் கடந்து போய்ச் சொல்வதும், அவ, ஓம், நல்லா இருக்கட்டும், என்பதும் எனக்கு அலுத்துப்போயிற்று, மகள். நான் என்ன தபால்காரனா?

நில், நில். அங்கே கதவு திறக்கிறது.

திரும்பி வந்துவிட்டேன். உன் அம்மா படியில் நின்று என்னைக் கூப்பிட்டா. தலை வாரியிருக்கிறா. கொள்ளுப்பிட்டியில எத்தன மணிக்கு, என்று கேட்டா. என்ன எத்தனை மணிக்கு என்று கேட்டேன், எனக்கும் ஒரு பெருமை இருக்கிறது. உன்ட நுளம்பு நாடகம்தான், ஐஞ்சு மணியெண்டா மூண்டரைக்கே ஓட்டோ சொல்லு, முன்னால இருக்கோணும், அங்க உள்ள ஆக்கள் வேற ஆக்கள், அவங்களுக்கு யாராவது சொல்லிக் குடுக்கோணும் பேசாம இருக்கச் சொல்லி, என்றா. அந்தப் பாக்கியலெட்சுமிக்குச் சப்பாத்து விஷயத்தையும் இன்றைக்கே சொல்ல வேண்டுமாம்.

ஆகையால் பார்வையாளர் சவுந்தரநாயகத்தின் தீர்ப்பு: வெட்டாதே. ஒரு நொடியும் வெட்டாதே. பிரதீஸ் அந்த இடத்தில் பாட்டுப் போட்டால் உன் அம்மா மேடையில் ஏறி ஸ்பீக்கரை மூடிவிடுவா, பிறகு நான் பொறுப்பில்லை. சப்பாத்தை மாத்திரம் அடியில் வைக்கச் சொல்லு.

மற்றப்படி, வேலைக்குப் போகும்போது காலையில் ஏதாவது சாப்பிடு, வெறும் கோப்பி குடிக்காதே. தலைக்கு எண்ணெய் வை. என் முழங்காலுக்கு நீ அனுப்பிய தைலம் முடிந்துவிட்டது, இது குறிப்பு அல்ல, செய்தி. உன்னையும் உன் எழுதுகிற கையையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், இந்தக் கிழவனின் ஆசீர்வாதமும் அதோடு ஒரு ஓரத்தில் கிடக்கட்டும்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. நாடகம் ஏழு மணிக்கு முன்னம் முடிந்துவிடும், எட்டுக்கு அக்கா வீட்டில் இருப்பா. எனக்கு எடுக்காதே, நேரே அவவுக்கு எடு. போனைத் தூக்கிவிட்டு ஒன்றும் பேசமாட்டா. லைன் போய்விட்டது என்று நினைத்து, ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிடாதே. நீயும் வசனம் எடுத்துக் கொடுக்காதே. மூன்று நிமிஷமோ ஐந்து நிமிஷமோ, பிடித்துக்கொண்டு இரு. அவ ஒண்டும் மறக்கல்ல.

இப்படிக்கு,
உன் மேல் மாறாத அன்புள்ள மாமா,
கொட்டாஞ்சேனைப் பிலாத்து
சவுந்தரநாயகம்